விண்ட்ஷீல்டு மாட்டியும் தலை ஆடுதா? இன்னும் பெருசு வாங்காதீங்க

கேள்வி: அண்ணா, நான் ஆம்பூர். உயரம் 5 அடி 10, ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக் வச்சிருக்கேன். ஜூலைல கன்னியாகுமரி போலாம்னு பிளான். காத்து தொல்லைக்காக ஆன்லைன்ல உயரமா ஒரு விண்ட்ஷீல்டு வாங்கி ஹேண்டில்பார்ல மாட்டினேன், மேல் விளிம்பு கரெக்டா என் கண்ணு மட்டத்துல நிக்குது. நெஞ்சுல காத்து அடிக்கல, ஆனா 80 கிட்ட போனா ஹெல்மெட் தடதடன்னு ஆடுது, காது அடைச்சிக்குது. வேலூர் கடைக்காரர் இன்னும் 4 இன்ச் உயரமா மாட்டினா சரியாயிடும்ன்றார். இதெல்லாம் ஆர்.சி.ல ஏத்தலன்னா ஃபைன் போடுவாங்க, 2,000 குடுங்க முடிச்சு தரேன்னு ஒரு புரோக்கர் வேற. இன்னா பண்றது?

பதில்: தம்பி, முதல்ல அந்த ரெண்டு பேருக்கும் பணம் குடுக்காதீங்க. மீதிய பொறுமையா பேசலாம்.

உங்க விண்ட்ஷீல்டு கண்ணாடி குட்டையா இருக்கிறது பிரச்சனை இல்ல, அதோட விளிம்பு உங்க ஹெல்மெட்டுக்கு நேரா வந்து நிக்கிறது தான் பிரச்சனை. எதுவும் மாட்டாத வண்டில காத்து நெஞ்ச அமுக்கும், தோள் வலிக்கும், ஆனா தலைக்கு வர்ற காத்து ஒரே சீரா வரும். முன்னாடி ஒரு கண்ணாடிய நட்டுட்டீங்கன்னா காத்து அதுமேல ஏறி விளிம்பத் தாண்டுறப்ப பிஞ்சு சுருளும், கண்ணாடிக்குப் பின்னால அழுத்தம் கம்மியா இருக்கிற இடம் அத உள்ள இழுக்கும், இந்த கலாட்டா நடக்கிற உயரத்துல தான் இப்ப உங்க தலை இருக்கு. அதுவும் வேகம் 60லருந்து 90 ஆனா காத்தோட தள்ளு ஒண்ணரை மடங்கு ஆகாது, ரெண்டே கால் மடங்கு ஆவும். டவுனுக்குள்ள சும்மா இருந்தது ஹைவேல போய் மண்டைய ஆட்டுறது இதனால தான்.

காசு செலவில்லாத டெஸ்ட் ஒண்ணு சொல்றேன். காலைல டிராஃபிக் கம்மியா இருக்கறப்ப பள்ளிகொண்டா பக்கம் நேர் ரோட்டுல 80ல போங்க, நாலு வழி ரோட்டுல நமக்கு லிமிட்டே அதான். முதுக நிமித்தி சீட்லருந்து ஒரு ரெண்டு மூணு இன்ச் எழும்புங்க. சத்தம் சட்டுனு கொறஞ்சு தலை ஆடாம நின்னா நல்ல காத்து உங்க தலைக்கு மேல இருக்குன்னு அர்த்தம், அதாவது கண்ணாடி உங்களுக்கு உயரம் ஜாஸ்தி. அதே மாதிரி குனிஞ்சும் பாருங்க. குனிஞ்சா தான் அமைதியா இருக்குன்னா கண்ணாடி பத்தலன்னு சொல்லலாம், ஆனா அதுக்காக உயரத்த ஏத்த வேணாம், ஏன்னு அப்புறம் சொல்றேன்.

ஹெல்மெட்டோட உக்காந்து பாத்தா கண்ணாடியோட மேல் விளிம்பு உங்க மூக்குக்கும் உதட்டுக்கும் நேரா இருக்கணும், ரோட்ட கண்ணாடிக்கு மேல பாக்கணும், கண்ணாடி வழியா இல்ல. காத்து விளிம்ப விட்டு கொஞ்சம் மேல எகிறித் தான் போவும், அதனால மூக்கு உயரமே உங்க தலைய காப்பாத்திடும். உங்களுது ரெண்டு மூணு இன்ச் இறங்கணும். கிளாம்ப்ப இறக்குங்க, இல்லன்னா போல்ட்டுல வாஷர் போட்டு சாய்வ கொஞ்சம் மாத்துங்க, ஒவ்வொரு தடவையும் அதே ரோட்டுல அதே வேகத்துல ஓட்டிப் பாருங்க. ஹெட்லைட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல கீழ ஒரு சந்து விடுங்க, கீழருந்து கொஞ்சம் காத்து உள்ள வந்தா மேலருந்து இழுக்கிறது கொறையும். நம்ம ஆளுங்க அழகா இருக்கணும்னு அந்த சந்த ரப்பர் வச்சு அடைச்சிடுவாங்க, அப்புறம் தலை வலிக்குதுன்னு வருவாங்க.

இன்னும் 4 இன்ச் ஏத்தினா இன்னா ஆவும்? நீங்க கண்ணாடி வழியா ரோடு பாப்பீங்க. ஹெல்மெட் வைசர கிளவுஸால துடைச்சிடலாம், இத ஓட்டிகினே எப்படி துடைப்பீங்க, வைப்பரா இருக்கு? ராத்திரி மழைல எதிர்ல லாரி லைட் போட்டு வந்தா கண்ணாடில இருக்கிற ஒவ்வொரு கீறலும் பளபளன்னும், ரோடு காணாம போய்டும். அப்புறம் நம்மூர் வெயில். கத்திரில வேலூர்ல அவ்ளோ உயரமான கண்ணாடிக்குப் பின்னால உக்காந்து பாருங்க, நெஞ்சுக்கு காத்தே வராம வெந்துடுவீங்க.

இத விட பெரிய கவலை எனக்கு உங்க ரூட்டு மேல தான். ஜூலைன்னு எழுதியிருக்கீங்க. தென்மேற்குப் பருவக்காத்து. திருநெல்வேலி தாண்டி வள்ளியூர், காவல்கிணறு, முப்பந்தல் பக்கம் சும்மாவா கரண்ட் எடுக்க அவ்ளோ காத்தாடி நட்டு வச்சிருக்காங்க? தெக்க போறப்ப உங்களுக்கு வலது பக்கத்துலருந்து அடிக்கும். ஹேண்டில்பார்ல மாட்டின பெரிய கண்ணாடி பாய்மரம் மாதிரி, அது வாங்குற தள்ளு எல்லாம் நேரா ஹேண்டிலுக்கு வரும். ரொம்ப டேஞ்சரான இடம் திரும்பி வடக்க வர்றப்ப லாரிய ஓவர்டேக் பண்ற இடம், அப்ப காத்து இடது பக்கத்துலருந்து, லாரி இருக்கிற பக்கத்துலருந்து அடிக்கும். லாரி பக்கத்துல போற வரைக்கும் காத்த அது மறைச்சுகினு இருக்கும், நீங்க இப்படி முன்னாடி வெளிய வர்றப்ப ஒரே அறை. போறப்பவும் வர்றப்பவும் அந்த பக்கம் பூரா 60க்கு இறங்குங்க, ஹேண்டில இறுக்கிப் பிடிக்காதீங்க, முடிஞ்சா திருநெல்வேலிலயே கண்ணாடிய கழட்டி பேக்ல கட்டிடுங்க. கண்ணாடிய ஹேண்டில்ல இல்லாம சேசிஸ்ல, அதாவது வண்டியோட கூட்டுல, மாட்டுற மாதிரி வர்ற வண்டிங்களுக்கு இந்த ஆட்டம் கம்மி, உங்க வண்டிக்கு அந்த யோகம் இல்ல.

இப்ப வியாபாரிங்க கதைக்கு வரேன். "பாலிகார்பனேட் ப்ரோ, உடையாது ப்ரோ"ன்னு சொல்லி அக்ரிலிக்க தள்றவன் தான் ஜாஸ்தி. ரெண்டுமே பிளாஸ்டிக் தான், ஆனா பாலிகார்பனேட் வளையும், சுலபத்துல உடையாது. அக்ரிலிக் கல்லு பட்டா சில்லு சில்லா போவும், போல்ட் ஓட்டைய சுத்தி மயிரிழை மாதிரி விரிசல் விடும். வாங்குறப்ப ஓரத்த பிடிச்சு லேசா வளைச்சுக் காட்ட சொல்லுங்க, நல்ல சரக்குன்னா தயங்காம வளைச்சுக் காட்டுவான், இல்லன்னா "வேணாம் ப்ரோ ஸ்க்ராட்ச் ஆயிடும்"னுவான். "யுனிவர்சல் ஃபிட்"னு எழுதியிருந்தா எந்த வண்டிக்கும் சரியா உக்காராதுன்னு படிங்க. ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம்ன்றாங்க, நியாயம், ஆனா மூஞ்சிக்கு ஒரு அடி தூரத்துல நிக்கிற இந்த கண்ணாடில கடைல தொங்குறத திருப்பித் திருப்பிப் பாருங்க, எவன் செஞ்சான்னு கூட எழுதியிருக்காது, அத கேக்க நாதி இல்ல. பாலிகார்பனேட் மேல பெட்ரோல் பட விடாதீங்க, வீட்டு கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரே போடாதீங்க, போல்ட்டுக்கு லாக் பண்ற பசை போடாதீங்க, மூணுமே அத உள்ளருந்து விரிசல் விட வைக்கும். சோப்புத் தண்ணியும் மெத்துனு ஒரு துணியும் போதும். பூச்சி காஞ்சு ஒட்டிகினு இருந்தா ஈரத்துணிய பத்து நிமிஷம் மேல போட்டு வச்சு அப்புறம் துடைங்க.

ஆர்.சி. விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 52ம் பிரிவு சொல்றது, ஆர்.சி.ல எழுதியிருக்கிற விவரம் மாறுற மாதிரி வண்டிய மாத்தக் கூடாதுன்னு. எஞ்சின், கலர், இந்த மாதிரி. உங்க ஆர்.சி. கார்ட எடுத்துப் பாருங்க, விண்ட்ஷீல்டுன்னு எங்கயாவது ஒரு வரி இருக்கா? இல்லாத வரில எத ஏத்துறதுக்கு 2,000? ஹெட்லைட்ட, இண்டிகேட்டர, நம்பர் பிளேட்ட மறைக்காம மாட்டுங்க, அவ்ளோ தான். ஆனாலும் செக்கிங்ல ஒருத்தர் நிறுத்தி "இன்னா இது கண்ணாடி"ன்னு கேக்கத் தான் போறார், அதே நேரத்துல சைலன்சர புடுங்கிட்டு ஊரையே எழுப்பிகினு போறவன் பக்கத்துலயே பறப்பான், அவன யாரும் பிடிக்க மாட்டாங்க. பேப்பர்ஸ் காட்டிட்டு மரியாதையா பேசிட்டு வாங்க.

மேல சொன்னது எல்லாத்துக்கும் ஒரு விதிவிலக்கு இருக்கு, அத மட்டும் நல்லா கேட்டுக்கோங்க. முன்னாடி தொப்பி மாதிரி பீக் நீட்டிகினு இருக்கிற அட்வென்ச்சர் ஹெல்மெட் நீங்க போடுறீங்களா? எழுதல. போடுறீங்கன்னா நான் சொன்ன மூக்கு உயரம், எழும்புறது, குனியறது எதுவும் செல்லாது, ஏன்னா சுருண்டு வர்ற காத்து அந்த பீக்குக்கு அடில புகுந்து தலைய பின்னால தூக்கும், பக்கத்து வண்டிய பாக்க திரும்பினா கழுத்தையே திருப்பிவிடும். கண்ணாடில கைய வைக்கிறதுக்கு முன்னாடி பீக்க கழட்டுங்க. பெரும்பாலும் ரெண்டு மூணு ஸ்க்ரூ தான். கழட்டி அதே ரோட்டுல ஓட்டுங்க. ஆட்டம் நின்னுடுச்சுன்னா கண்ணாடி மேல தப்பே இல்ல, ஒத்த போல்ட்டயும் தொடாதீங்க. கொறஞ்சுது ஆனா நிக்கலன்னா அப்ப உயரத்த இறக்குங்க. இல்ல, பீக் இல்லாம போட்டோ நல்லா வராதுன்னா கண்ணாடிய நெஞ்சு உயரத்துக்கு இறக்கிடுங்க, தலைக்கு வெறும் காத்து வரட்டும். ஹெல்மெட் லூசா இருந்தாலும் ஆடும், அத கன்னத்துல பிடிச்சு ஆட்டிப் பாத்தாலே தெரியும்.

காது அடைக்கிறதுக்கு எந்த கண்ணாடியும் முழு மருந்து இல்ல. ஹெல்மெட்டுக்குள்ள மணிக்கணக்குல இரையுற காத்து சத்தம் காதுக்கே கெடுதல். ஃபோம் இயர்பிளக் மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்குங்க, உருட்டி உள்ள விட்டு விரியற வரைக்கும் விரலால பிடிங்க. ஹாரன் கேக்கும், இரைச்சல் தான் கொறையும். கிளம்புறதுக்கு முன்னாடி ஆம்பூர்லருந்து வேலூர் வரைக்கும் போட்டு பழகிக்கோங்க. ரெண்டு மூணு ஜோடியா வாங்குங்க, ஒண்ணு எப்படியும் டீக்கடைல தொலையும்.