கணவாயில் இன்னும் பனி கிடக்கிறது, போகலாமா?

பாதி பனியும் பாதி மண்ணுமாகக் கிடக்கும் பருவத் தொடக்கத்தில் கணவாய் ஏறுவது பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: அடிவாரத்தில் பூவே பூத்துவிட்டது. ஆனால் மேலே கணவாயில் பனி எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்களைக் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒரே இடத்தை ஏறத்தாழ 5 நாளுக்கு ஒருமுறை எடுக்கின்றன. படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். சாதாரண வண்ணப் படத்தில் பனியும் வெள்ளை, மேகமும் வெள்ளை என்பதால் ஏமாந்துபோவோம். கண்ணுக்குத் தெரியாத குறு அலை அகச்சிவப்புக் கதிரும் சேர்ந்த படத்துக்கு மாற்றிப் பாருங்கள். பனி நீலமாகிவிடும், மேகம் பெரும்பாலும் வெள்ளையாகவே நிற்கும். பத்துப் பதினைந்து நாள் முந்தைய படத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தால், பனிக்கோடு எவ்வளவு மேலேறியிருக்கிறது என்று தெரியும். நீங்கள் போகும் நாளில் அது எங்கே நிற்கும் என்று ஓரளவு கணித்துவிடலாம். ஆழம் மட்டும் படத்தில் தெரியாது. ஓரடிப் பனியும் ஓராள் ஆழப் பனியும் அங்கே ஒரே நிறம்தான்.

பலர் கோட்டைவிடுவது அடுத்த பக்கத்தில். வட அரைக்கோளத்தில் வடக்கு பார்த்த சரிவில் வெயில் குறைவாக விழும், பனி வாரக்கணக்கில் கூடுதலாகத் தங்கும். தெற்குப் பக்கமாக ஏறுகிறவர் காய்ந்த மண்ணில் நடந்து, "பனியே இல்லையே" என்று நினைத்துக்கொண்டு உச்சிப் பொழுதில் கணவாய்க்கு வந்து எட்டிப்பார்ப்பார். இறங்க வேண்டிய பக்கம் முழுக்க வெள்ளையாக இருக்கும், அதுவும் நன்றாக இளகிப்போயிருக்கும் நேரத்தில். தென் அரைக்கோளத்தில் இந்தத் திசைக்கணக்கு தலைகீழ். ஆகவே படத்தில் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் திட்டம் போட வேண்டும்.

கேள்வி: விடியுமுன் கிளம்பச் சொல்கிறார்கள். நடக்கப்போவது ஆறேழு கிலோமீட்டர்தான். அப்படி என்ன அவசரம்?

தூரம் அப்படியேதான் இருக்கும், பனிதான் மணிக்கு மணி மாறும். மேகமில்லாத இரவில் பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை வானத்துக்கு வாரிவிடும். காற்றின் வெப்பநிலை பூஜ்யத்துக்கு ஓரிரு டிகிரி மேலே இருந்தால்கூட மேல்தோல் உறைந்து கெட்டியாகும். விடிகாலையில் அதன்மேல் தார்ச்சாலையில் போவதுபோல நடக்கலாம். வெயில் ஏற ஏறத் தோல் இளகும், பிறகு கால் புதையும். மேகம் மூடிய இரவு என்றால் கதை வேறு: வெப்பம் வெளியேறாது, தோல் உறையாது, காலை ஐந்து மணிக்கே பனி கஞ்சியாக இருக்கும். இரவில் எழுந்து வெளியே வந்தால் நட்சத்திரம் தெரிகிறதா என்று பாருங்கள். தெர்மாமீட்டரைவிட அது நல்ல துப்பு.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். 1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன விதி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மீட்டர் கணக்கில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக 10 நிமிடம். 7 கிலோமீட்டர், 900 மீட்டர் ஏற்றம் என்றால் 84 நிமிடமும் 90 நிமிடமும் சேர்ந்து ஏறக்குறைய 3 மணி நேரம். இது காய்ந்த பாதைக்கு, ஓய்வே எடுக்காமல் போகிறவருக்கு. கடைசி 2 கிலோமீட்டர் பனி என்றால் அந்தத் துண்டுக்கு நேரத்தை இரட்டிப்பாக்குங்கள், ஓய்வுக்கு அரை மணி சேருங்கள். நாலேகால் மணி நேரம் அளவுக்கு வந்துவிடும். பனியை 10 மணிக்குள் தாண்ட வேண்டுமானால் 5 மணிக்காவது கால் நகர வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கிழக்கு பார்த்த சரிவு காலை எட்டு ஒன்பது மணிக்கே இளகத் தொடங்கும், மேற்கு பார்த்தது நண்பகல் வரை கண்ணாடிபோல் கிடக்கும். கிழக்கே ஏறி மேற்கே இறங்கும் பாதையில் சீக்கிரம் போய்ச் சேர்ந்தவருக்குத்தான் ஆபத்து. அங்கே கணவாயில் உட்கார்ந்து, இறங்கும் பக்கத்துத் தோல் அரை அங்குலம் இளகும்வரை காத்திருப்பதுதான் சரி.

கேள்வி: மைக்ரோஸ்பைக் வாங்கினால் போதுமா? கிராம்பான், பனிக்கோடரி எல்லாம் வேண்டுமா?

வழுக்கினால் எங்கே போய் நிற்பீர்கள் என்று முதலில் பாருங்கள். கீழே சமதளம் என்றால் மைக்ரோஸ்பைக்கும் (ரப்பர் பட்டையால் காலணிமேல் மாட்டும் சின்னப் பற்கள்) இரண்டு கைத்தடியும் போதும். கீழே பாறைக் குவியலோ, ஓடையோ, செங்குத்தோ இருந்தால், சரிவு மிதமாகத் தெரிந்தாலும் கிராம்பானும் (காலணிக்கடியில் பூட்டும் பல் வைத்த சட்டம்) கோடரியும் இல்லாமல் குறுக்கே போகாதீர்கள்.

மைக்ரோஸ்பைக்கின் பல் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளம். கெட்டிப் பனியில், ஏற்றம் குறைந்த பாதையில் அருமையாகப் பிடிக்கும். சரிவைக் குறுக்கே கடக்கும்போது ரப்பர் பட்டை பக்கவாட்டில் இழுபட்டு, பற்கள் பாதத்துக்கு அடியிலிருந்து விலகிப்போகும். அதுதான் அதன் எல்லை. கிராம்பானில் 10 அல்லது 12 பற்கள் சட்டத்தோடு பூட்டியிருப்பதால் நகராது. ஈரப் பனியில் இரண்டுக்குமே ஒரே தொல்லை: பற்களுக்கிடையே பனி அப்பி, உள்ளங்காலில் உருண்டை கட்டிவிடும். அப்போது நீங்கள் பல்லின்மேல் நிற்கவில்லை, பனிக்கட்டியின்மேல் நிற்கிறீர்கள். கிராம்பானுக்கு அடியில் ரப்பர் தகடு பொருத்தியதாக வாங்குங்கள். அப்படியும் ஒட்டினால் இரண்டு மூன்று அடிக்கு ஒருமுறை கைத்தடியால் காலணியின் ஓரத்தைத் தட்டுங்கள்.

பனிக்கோடரியைப் பையில் கட்டிக்கொண்டு நடப்பவர் சுமைதான் தூக்குகிறார். சரிவின் மேல்பக்கக் கையில் பிடித்து, ஒவ்வொரு அடிக்கும் முன்னால் காம்பைப் பனியில் ஊன்ற வேண்டும். விழுந்துவிட்டால் ஒரு கை கோடரியின் தலையில், மறு கை காம்பின் அடியில். காம்பு நெஞ்சுக்குக் குறுக்கே, தட்டை அலகு தோள் எலும்புக்கு அருகே. தலையைப் பிடித்த பக்கமாகக் குப்புறப் புரண்டு, கூர் அலகின்மேல் உடல் எடையை ஏற்றுங்கள். கிராம்பான் போட்டிருந்தால் பாதங்களைத் தூக்கிக்கொள்ளுங்கள். பல் பனியில் மாட்டினால் ஆளையே கவிழ்த்துவிடும். இதைப் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. கீழே சமதளமுள்ள சின்னச் சரிவில், தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, கிராம்பான் இல்லாமல் இருபது முறையாவது விழுந்து பழக வேண்டும். கெட்டிப் பனியில் வேகம் பிடிப்பதற்கு முன் நிறுத்தியாக வேண்டும், யோசிக்க நேரம் இருக்காது.

கேள்வி: நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு கால் மட்டும் தொடைவரை இறங்கிவிடுகிறது. எங்கே இறங்கும் என்று முன்கூட்டியே தெரியுமா?

பெரும்பாலும் தெரியும். பனிக்கு வெளியே தலை நீட்டும் பாறையைப் பாருங்கள். கருத்த பாறை வெயிலில் சூடேறித் தன்னைச் சுற்றியுள்ள பனியை உள்ளிருந்தே கரைக்கும். மேலே தட்டு அப்படியே இருக்கும், அடியில் பொந்து. மரத்தடியிலும், வளைந்து புதைந்த புதர்களின் மேலும் இதே கதை. பாறையிலிருந்து பனிக்கு இறங்கும்போது ஓரத்தில் கால் வைக்காமல், ஒரு மீட்டராவது தள்ளி, தடியால் குத்திப் பார்த்து வையுங்கள்.

இறங்கிவிட்டால் உடனே காலை வெடுக்கென்று இழுக்காதீர்கள். உடல் முன்னால் சாய்ந்துகொண்டிருக்கும்போது கால் மாட்டியிருந்தால் முழங்கால்தான் அடிவாங்கும். உட்காருங்கள், பையைக் கழற்றுங்கள், காலைச் சுற்றியுள்ள பனியைக் கையால் தோண்டி, குதிகாலை முதலில் விடுவித்து, பிறகு தூக்குங்கள். ஒவ்வொரு அடியும் கணுக்கால்வரை இறங்குவது சாதாரணம். கெண்டைக்காலைத் தாண்டத் தொடங்கினால் அன்றைக்கு நேரம் கடந்துவிட்டது, திரும்புங்கள்.

கேள்வி: எவ்வளவு சாய்வு வரை பாதுகாப்பு? பனிச்சரிவு குளிர்காலத்தில் மட்டும்தானே?

பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் புறப்படுகின்றன. வெயில் காலத்தில் ஈரப் பனிச்சரிவு வரும். உருகிய நீர் அடுக்குகளுக்குள் இறங்கி, பனித்துகள்களின் பிடிப்பைத் தளர்த்திவிடும். நீங்கள் நிற்கும் இடம் 15 டிகிரியாக இருந்தாலும் தலைக்கு மேலே 35 டிகிரிச் சரிவு தொங்கினால் நீங்கள் அதன் பாதையில்தான் நிற்கிறீர்கள்.

சாய்வை அளக்கக் கைத்தடி போதும். ஒரு தடியை 100 சென்டிமீட்டருக்கு வைத்து, ஒரு முனை சரிவைத் தொட, படுக்கைவாக்கில் நீட்டிப் பிடியுங்கள். காற்றில் நிற்கும் மறு முனையிலிருந்து நேர் கீழே பனிவரை இன்னொரு தடியால் அளங்கள். 50 சென்டிமீட்டர் வந்தால் சாய்வு 27 டிகிரி, 58 வந்தால் 30, 100 வந்தால் 45. பாதிக்குமேல் போனாலே யோசிக்க வேண்டும் என்று நினைவு வைத்துக்கொள்வது எளிது.

சரிவில் பனி உருண்டைகள் தாமாக உருண்டு, சுருட்டிய பாய்போல் தடம் விட்டு இறங்கினால் மேற்பரப்பு வேகமாகச் சூடாகிறது என்று பொருள். இரண்டு மூன்று இரவு தொடர்ந்து உறையாமல் இருந்தாலோ, பனிமேல் மழை பெய்திருந்தாலோ அந்தப் பயணத்தை ஒத்திப்போடுங்கள். கணவாயின் விளிம்பில் காற்று கட்டிய பனிக்கூரை வெளியே துருத்திக்கொண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் தரைபோலவே தெரியும், உடையும்போது நாம் நினைப்பதைவிடப் பின்னாலிருந்து உடையும். படம் எடுக்க ஓரத்துக்குப் போக வேண்டாம்.

கேள்வி: ஓடைகளைக் கடப்பது எப்படி? மேலே பனிப்பாலம் இருந்தால் அதில் போகலாமா?

உருகும் நீர் ஓடை விடிகாலையில்தான் மெலிந்திருக்கும். பிற்பகலில் ஏறி, சாயங்காலம் உச்சத்துக்கு வரும். பனியிலிருந்து தொலைவில் உள்ள ஓடையில் உச்சம் இன்னும் தாமதமாக, இருட்டிய பிறகுகூட வரலாம். காலையில் கணுக்கால் அளவில் கடந்த ஓடை திரும்பும்போது தொடையளவு நிற்கும். அன்றே திரும்புகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். குறுகிய இடம் கண்ணுக்கு எளிதாகத் தெரியும், ஆழமும் வேகமும் அங்கேதான். அகன்று, கிளை பிரிந்து ஓடும் இடத்தைத் தேடுங்கள். பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிடுங்கள், காலணியைக் கழற்றாதீர்கள், நீர் வரும் திசையைப் பார்த்தபடி தடி ஊன்றிப் பக்கவாட்டில் நகருங்கள். வேகமான நீர் முழங்காலைத் தாண்டினால் திரும்பிவிடுங்கள்.

பனிப்பாலத்தின் நடுவில் குழிவு விழுந்திருந்தாலோ, நிறம் சாம்பலாக மாறியிருந்தாலோ, அடியில் நீரின் சத்தம் தெளிவாகக் கேட்டாலோ அதை மறந்துவிடுங்கள். தடியால் தட்டினால் பானையைத் தட்டியதுபோல் ஒலிப்பதும் கெட்ட செய்திதான்.

கேள்வி: போனில் ஜிபிஎஸ் தடம் இருக்கிறது. பாதை பனிக்கடியில் மறைந்தாலும் அதையே பிடித்துப் போனால் சரிதானே?

அந்தத் தடம் பனி இல்லாத காலத்தில் நடந்தவருடையது. கோடையில் மலையின் இடுப்பை வெட்டிப் போகும் ஒன்றரை அடிப் பாதை, பனி மூடினால் பாதையாக இராது, 35 டிகிரிச் சரிவின் குறுக்குவெட்டு. அதே இடத்தில் பள்ளத்தாக்கின் அடியையோ, காற்று பனியை வாரிச்சென்ற மேட்டு முதுகையோ பிடித்தால் பாதுகாப்பாகப் போகலாம். தடத்தைத் திசைக்கு வைத்துக்கொள்ளுங்கள், கால் வைக்கும் இடத்தைக் கண்ணால் தேர்ந்தெடுங்கள். பனியில் தெரியும் பழைய காலடிகளையும் நம்ப வேண்டாம். வழி தவறியவரும் காலடி விட்டுத்தான் போவார். குளிரில் போன் பேட்டரி சட்டென்று இறங்கும், உள்சட்டைப் பையில் வையுங்கள்.

கேள்வி: வெயில் கடுமையாக இல்லை என்றாலும் கறுப்புக் கண்ணாடி கட்டாயமா?

கட்டாயம். புதிய பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம்வரை திருப்பி அனுப்பும், மெல்லிய மேகம் அதைத் தடுக்காது. கண் எரிச்சல் அப்போதே தெரியாது, ஆறு மணி நேரத்துக்கும் மேல் கழித்து, கூடாரத்தில் படுத்திருக்கும்போது மணல் கொட்டியதுபோல் வலிக்கத் தொடங்கும். பக்கவாட்டிலும் மறைக்கும், ஒளியைத் தடுக்கும் அளவில் 3 அல்லது 4-ஆம் வகைக் கண்ணாடி வேண்டும். சன்ஸ்கிரீனை மூக்குத் துளைகளின் அடியிலும் தாடைக்குக் கீழும் தடவ மறக்காதீர்கள், வெயில் கீழேயிருந்தும் வருகிறது.

கேள்வி: பனியில் இளஞ்சிவப்பாகத் திட்டுத்திட்டாகத் தெரிகிறது. மிதித்தால் காலடியும் சிவக்கிறது. என்ன அது? அந்தப் பனியை உருக்கிக் குடிக்கலாமா?

குளிரில் வாழும் நுண்பாசி. உண்மையில் பச்சைப் பாசி இனம்தான், கடும் வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் சிவப்பு நிறமியைச் சேர்த்துக்கொள்கிறது. வயிற்றைக் கெடுக்கக்கூடும் என்பதால் அந்தத் திட்டை விட்டுவிட்டு வெள்ளைப் பனியாகப் பார்த்து எடுங்கள், அதையும் கொதிக்கவைத்துக் குடியுங்கள். பழைய பனி இரண்டு லிட்டர் அளந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் கிடைக்கும். பாத்திரத்தில் முதலில் இரண்டு மடக்கு தண்ணீர் ஊற்றிவிட்டுப் பனியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். வெறும் பாத்திரத்தில் பனியை அடைத்து அடுப்பில் வைத்தால் அடிப்பாகம் காய்ந்து, தண்ணீரில் தீய்ந்த வாடை ஏறிவிடும்.