ரொட்டி சுமந்த ரோமியோ

கேள்வி: அண்ணா, பழைய இத்தாலியப் புகைப்படம் ஒன்றில் சப்பை மூக்குடன் ஒரு டெலிவரி வேன் நிற்கிறது. முகப்பில் ஆல்ஃபா ரோமியோவின் முக்கோண கிரில். பந்தயக் கார் கம்பெனி வேன் செய்ததா, இல்லை யாராவது கிரில்லைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார்களா? (கல்லூரி மாணவர் ஒருவர்)

மாட்டவில்லை தம்பி, அது அசல்தான். அந்த வண்டியின் பெயரே ரோமியோ. 1954-இல் வந்தது. மிலான் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் பழைய வண்டிப் பட்டறையில் அதே மாதிரி ஒன்று பதினான்கு மாதம் என் கையில் இருந்தது. அதனால் உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் மற்றதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டேன்.

ஆல்ஃபாவை நாம் பந்தயத்தோடு சேர்த்தே நினைக்கிறோம். அதற்குக் காரணம் உண்டு. ஃபார்முலா ஒன்னின் முதல் இரண்டு சாம்பியன் பட்டங்களும், 1950-இல் ஃபரீனா, 1951-இல் ஃபாஞ்சியோ, அவர்கள் காரில் வந்தவைதான். ஆனால் அந்தக் கம்பெனி 1933 முதலே இத்தாலிய அரசின் ஐ.ஆர்.ஐ. நிறுவனத்தின் கையில் இருந்தது. போரில் மிலானின் போர்டெல்லோ தொழிற்சாலை குண்டுவீச்சில் சிதைந்தது. போர் முடிந்ததும் சமையல் அடுப்புகூடச் செய்து விற்றார்கள். பட்டம் வென்ற கையோடு 1951 முடிவில் பந்தயத்திலிருந்து விலகினார்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கு வேலை வேண்டும், அதற்கு நிறைய விற்கிற வண்டி வேண்டும். அந்த நெருக்கடியில் பிறந்தவை இரண்டு. ஒன்று ஜூலியேட்டா கார். இன்னொன்று இந்த வேன்.

இதில் எல்லோரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. ரோமியோ முன்சக்கர இழுவை வண்டி. எஞ்சின், கியர் பாக்ஸ், டிஃபரென்ஷியல் எல்லாமே முன்பக்கம். ஆல்ஃபாவின் கார்களில் முன்சக்கர இழுவை 1971-இல் ஆல்ஃபாசூட் வந்தபோதுதான் முதன்முதலாக வந்தது. அதற்குப் பதினேழு வருஷம் முன்பே ரொட்டியும் காய்கறியும் சுமந்த ஒரு வேன் அந்த வழியில் ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஆல்ஃபாசூட்டுக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்குகிறார்கள், ரோமியோவுக்கு ஒரு வரி. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

முன்சக்கர இழுவையால் என்ன பயன் என்று கேட்பீர்கள். பட்டறையில் சேருவதற்கு முன் இரண்டு வருஷம் நான் மொத்தக் காய்கறிச் சந்தையில் பெட்டி ஏற்றினேன். காலை நான்கு மணிக்கு ஆரம்பித்தால் எட்டு மணிக்குள் இருநூறு பெட்டி. அந்த வேலையில் வண்டியின் குதிரைசக்தி பற்றி யாரும் பேசியதில்லை. தளம் எவ்வளவு உயரம், இதுதான் பேச்சு. தளம் இடுப்பு உயரத்தில் இருந்தால் ஒவ்வொரு பெட்டியையும் நெஞ்சுவரை தூக்கியாக வேண்டும். முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிட்டால் முதுகு தப்பிக்கும்.

முன்னால் எஞ்சின் வைத்துப் பின்சக்கரத்தைச் சுழற்றும் வேனில் நடுவே நீளமாக ஒரு ஷாஃப்ட் ஓடும், பின்னால் கனமான ஆக்சில் இருக்கும். தளம் இவற்றுக்கு மேலேதான் உட்கார வேண்டும். 1950-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் வேனில் எஞ்சின் பின்னால். அங்கே நடுத்தளம் தாழ்வு, ஆனால் பின்கதவைத் திறந்தால் எஞ்சினுக்கு மேலே ஒரு மேடை. ரோமியோவில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் சக்கரத்தைத் தவிர வேறு இயந்திரமே இல்லை. தளம் தாழ்வாக, தட்டையாகக் கடைசிவரை போகும். இதை முதலில் கண்டுபிடித்தது இத்தாலி என்று சொல்லமாட்டேன். பிரான்சின் சித்ரோயன் எச் வேன் 1947-லேயே இதைச் செய்து காட்டிவிட்டது.

இதில் ஒரு குறையும் உண்டு. பின்னால் பாரம் ஏற ஏற முன்சக்கரத்தின் பிடி குறையும். நாங்கள் சரிசெய்த வண்டியில் மணல் மூட்டைகளை ஏற்றிச் சோதனை ஓட்டம் போனபோது மழை. கல் பாவிய ஒரு மேட்டில் முன்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தன. மூட்டைகளை முன்பக்கமாக நகர்த்தி அடுக்கிய பிறகுதான் ஏறியது. அந்தக் கால டிரைவர்களுக்கு இது தெரிந்தே இருந்திருக்கும்.

கேள்வி: ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின் இந்த வேனில் இருந்தது என்று என் மகன் சாதிக்கிறான். நம்பலாமா? (பள்ளி ஆசிரியை ஒருவர்)

நம்பலாம் அம்மா. ஜூலியேட்டாவின் 1290 சிசி எஞ்சின்தான் அது. அலுமினிய பிளாக், உள்ளே வார்ப்பிரும்பு லைனர், வால்வுகளைத் திறக்க, சங்கிலி சுழற்றும் இரட்டை கேம் ஷாஃப்ட். 1954 ஏப்ரலில் டூரின் கண்காட்சியில் ஜூலியேட்டா ஸ்பிரிண்ட் காரில் அது 65 குதிரைசக்தி கொடுத்தது. வேனுக்கு அதையே தணித்து 35 ஆக்கினார்கள். கார் ஓட்டுகிறவருக்கு மேல்சுழற்சியில் பாய்ச்சல் வேண்டும். ஒரு டன் சரக்கோடு தெருமுனைக்குத் தெருமுனை நின்று கிளம்பும் வேனுக்கு அது எதற்கு? கீழ்ச்சுழற்சியில் இழுத்தால் போதும்.

இதைப் படித்துவிட்டு உங்கள் மகன் துள்ளிக் குதிப்பான். ஆனால் அந்த எஞ்சினைப் பிரித்து மாட்டியவன் என்ற முறையில் இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன். சாதாரண வேன் எஞ்சினில் வால்வு இடைவெளி கூடினால் திருகைத் தளர்த்தி, கேஜ் வைத்து, மறுபடி இறுக்கினால் வேலை முடிந்தது. இந்த எஞ்சினில் வால்வின் தலையில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு மூடி உண்டு, பக்கெட் என்பார்கள், அதற்கு அடியில் சின்னத் தகடு இருக்கிறது. இடைவெளியை மாற்ற வேண்டுமானால் கேம் ஷாஃப்டைக் கழற்றி, தகட்டின் கனத்தை அளந்து, வேறு கனத்தில் ஒன்றைப் போட்டு, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி மறுபடி அளக்க வேண்டும். எட்டு வால்வுக்கும் இதே பாடு. எனக்கு முதல் தடவை இரண்டு நாள் பிடித்தது. ஊர்க்கோடியில் ரொட்டிக்கடை வைத்திருந்தவர் இந்த வேலைக்கு யாரிடம் போயிருப்பார்?

கம்பெனியின் கணக்கும் எனக்குப் புரிகிறது. ஒரே அடிப்படை எஞ்சின் காருக்கும் வேனுக்கும் போனால் தனியாக ஒன்றை உருவாக்கும் செலவு மிச்சம். இருந்தாலும் சரக்கு வேனுக்கு அது தேவைக்கு மீறிய நகாசு வேலை என்பதுதான் என் முடிவு. அதே எஞ்சின் நன்றாக டியூன் ஆகி ஓடும்போது வரும் சத்தத்தைக் கேட்டால் அந்த முடிவைச் சொல்ல மனசு வராது, அதுவும் உண்மை.

கேள்வி: இதில் டீசலும் உண்டாமே? (வேன் டிரைவர் ஒருவர்)

உண்டு. இரண்டே சிலிண்டர், 1158 சிசி, டூ ஸ்ட்ரோக் டீசல், 30 குதிரைசக்தி. நீங்கள் ஓட்டும் டீசல் ஃபோர் ஸ்ட்ரோக்காக இருக்கும். அதில் புகையை வெளியே தள்ளவும் காற்றை உள்ளே இழுக்கவும் பிஸ்டனுக்குத் தனித்தனி ஓட்டம் இருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் இரண்டும் ஒரே நேரத்தில், கண்ணிமைக்கும் பொழுதில் நடந்தாக வேண்டும். வெளியிலிருந்து யாராவது காற்றை ஊதித் தள்ளினால்தான் பழைய புகை போகும். அதற்காக எஞ்சினே சுழற்றும் ஒரு ஊதுபொறியை வைத்தார்கள், ரூட்ஸ் சூப்பர்சார்ஜர் என்று பெயர். சின்ன சரக்கு வேனில் சூப்பர்சார்ஜர்! துணிச்சலான வேலைதான். ஆனால் நாள் முழுக்க அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியவர் டிரைவர், அது உங்களுக்கே புரியும். பின்னால் வந்த எஃப் 12 வண்டிகளில் பெர்கின்ஸின் ஃபோர் ஸ்ட்ரோக் டீசல் வந்தது. அது எத்தனையோ மேல்.

கேள்வி: ரோமியோ, ஜூலியேட்டா. காதல் கதையிலிருந்து எடுத்த பெயர்களா?

ரோமியோ அந்தக் கம்பெனியின் பெயரிலேயே இருக்கிறது. 1910-இல் தொடங்கிய ஆல்ஃபாவை 1915-இல் எடுத்து நடத்தியவர் நிக்கோலா ரோமியோ. காருக்கு ஜூலியேட்டா என்று வைத்த பிறகு ஜோடி தானாகச் சேர்ந்துகொண்டது. வேனுக்கு 'ஆட்டோடுட்டோ' என்றும் பெயர் உண்டு, எல்லாவற்றுக்குமான வண்டி என்று அர்த்தம். அது வெறும் பேச்சில்லை. மூடிய வேன், திறந்த பிக்கப், மினி பஸ், ஆம்புலன்ஸ் எல்லாமே இதே அடித்தளத்தில் வந்தன.

கேள்வி: அந்தக் காலத்தில் இத்தாலியில் இதற்குப் போட்டி இருந்ததா? கடைசியில் இது என்ன ஆனது? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்)

இருந்தது ஐயா. 1959-இல் லான்சியா தன் ஆப்பியா காரின் வி4 எஞ்சினைப் போட்டு ஜாலி என்ற வேனை விட்டது. சீட்டுக்கட்டு ஜோக்கரை இத்தாலியில் ஜாலி என்பார்கள். அது பின்சக்கர வண்டி. 1963-இல் அதன் இடத்துக்கு வந்த சூப்பர்ஜாலி முன்சக்கரத்துக்கு மாறியது. ஃபியட்டின் 1100 டி பின்சக்கரம்தான். அவர்களே 1960-களில் கொண்டுவந்த 238 வேன் முன்சக்கரம். ஆட்டோபியாங்கி பிரிமுலா காரின் அமைப்பை எடுத்துச் செய்தார்கள். ஆக, பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் இந்தப் போட்டியாளர்கள் இருவரும் ரோமியோ நின்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 1981-இல் வந்த ஃபியட் டுக்காட்டோவும் அதே முன்சக்கரம்தான். இன்று எங்கள் பட்டறை வாசலில் ஸ்பேர் பார்ட்ஸ் இறக்கும் வண்டி டுக்காட்டோ. அதன் பின்கதவு திறக்கும்போதெல்லாம் நான் தளத்தைத்தான் பார்ப்பேன்.

விற்பனைப் பலம் ஃபியட்டுக்குத்தான். ரோமியோ 1957-இலும் 1966-இலும் திருத்தப்பட்டு, 1967-இல் எஃப் 12, ஏ 12 என்று எழுத்தும் எண்ணுமாக மாறியது. எஃப் என்றால் ஃபுர்கோனே, மூடிய வேன். ஏ என்றால் ஆட்டோகாரோ, லாரி. 1983-இல் தயாரிப்பு நின்றது. அப்புறம் வந்த ஆல்ஃபா ஏ.ஆர். 6 வேன் டுக்காட்டோவுக்கே வேறு முகப்பு வைத்ததுதான், அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

ஸ்பெயினில்தான் ரோமியோவுக்கு நீண்ட ஆயுள். ஆவிலா நகரில் ஃபடீசா என்ற கம்பெனி உரிமம் வாங்கி இதைச் செய்தது. பிறகு அதை மோட்டோர் இபேரிகா வாங்கியது, வண்டி எப்ரோ ஆனது. அந்தக் கம்பெனிக்குள் நிசான் வந்தது, வண்டி நிசான் டிரேடு என்ற பெயருக்குப் போனது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் நிறைய மாறினாலும் வழி அறுபடவில்லை.

கேள்வி: இத்தாலியில் வசிக்கிறேன். ஒரு பழைய ரோமியோ விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் காகிதம். வண்டியின் பதிவுப் புத்தகமான 'லிப்ரெட்டோ' இருக்கிறதா, சேசிஸ் எண் அதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகளுக்குச் சான்றிதழ் கொடுக்கும் ஏ.எஸ்.ஐ. சங்கத்தின் ஏதாவது ஒரு கிளையில் முன்பே பேசிவிடுங்கள்.

அப்புறம் சுத்தியலின் மரப்பிடியை எடுத்துக்கொண்டு கீழே படுங்கள். தளத்தின் ஓரம், வீல் ஆர்ச் உள்பக்கம், கதவுக்கு அடிப்பட்டி என்று எல்லா இடத்தையும் தட்டுங்கள். கணீரென்றால் தகடு. மொத்தென்றால் பட்டி, அதாவது ஓட்டையை மறைக்கப் பூசிய பசை. என் கைக்கு வந்த வண்டியை அதற்கு முன் ஒரு பட்டறை 'முழுசாகச் சரிசெய்தது' என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வீல் ஆர்ச்சைத் தேய்த்தபோது இரண்டு விரல் கனத்துக்குப் பட்டி, அதற்குள் நாளிதழைக் கசக்கித் திணித்திருந்தார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. புதுத்தகடு வெட்டி, வளைத்து, வெல்டிங் வைக்கவே மூன்று மாதம் போனது.

முன்சக்கரங்களுக்குப் போகும் ஜாயின்ட்டுகளையும் பாருங்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக ஓட்டினால் டக் டக் என்ற சத்தம் கேட்கக்கூடாது. எஞ்சின் சாமான்களைப் பற்றி பயப்பட வேண்டாம். ஜூலியேட்டா காரை நேசிக்கிறவர்கள் இருக்கும்வரை அவை கிடைக்கும். வேனுக்கே உரிய தகடுகள், கதவுக் கீல்கள், கண்ணாடி ரப்பர்தான் கிடைக்காது. அவை முழுசாக இருந்தால், எஞ்சின் ஓடாவிட்டாலும் வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. பழைய பெயின்ட்டை அவசரப்பட்டுச் சுரண்டாதீர்கள். எங்கள் வண்டி பார்க்க வெள்ளை. அடியில் நீலம், அதற்கும் அடியில் வெளிர்மஞ்சள். பக்கத் தகட்டை ஈரத்தாளால் மெதுவாகத் தேய்த்தபோது மஞ்சளில் கையால் எழுதிய சிவப்பு எழுத்துகள் வந்தன. 'பனி' வரை படிக்க முடிந்தது, மீதி அழிந்துவிட்டது. பனிஃபீச்சோ என்றால் ரொட்டிக்கடை. உரிமையாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வெகுநேரம் நின்று பார்த்தார். வண்டி முழுக்க வெளிர்மஞ்சள் அடித்தோம், அந்த ஒரு தகட்டை மட்டும் அப்படியே விட்டு, மேலே நிறமில்லாத லேக்கர் பூசிக் கொடுத்தோம்.