லிஸ்பனில் ஒரே நாள்

கேள்வி: நானும் கணவரும் லிஸ்பன் போகிறோம். கைவசம் ஒரு நாள்தான். ஓடாமல், ஆற அமரச் சுற்ற முடியுமா?

பதில்: முடியும், பாதியை விட்டுவிடத் துணிந்தால். காலையிலேயே 15ஆம் எண் டிராம் பிடித்து பெலேம் பகுதிக்குப் போய்விடுங்கள். ஜெரோனிமோஸ் மடாலயத் தேவாலயத்தில் நுழைந்ததுமே வாஸ்கோ ட காமாவின் கல்லறை. 1524இல் கொச்சியில் இறந்தவர். அங்கே புதைத்து, பிறகு எலும்புகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். கல்லில் கைகூப்பிப் படுத்திருக்கிறார். பீரங்கியோடு வந்த மனிதருக்கு என்ன பவ்யம்!

பக்கத்திலேயே 1837 முதல் முட்டைக் கஸ்டர்ட் டார்ட் சுடும் கடை. வாசல் வரிசையைப் பார்த்து மிரளாதீர்கள், அது பார்சலுக்கு. உள்ளே உட்கார நிறைய இடமுண்டு. பட்டைத்தூள் தூவிச் சூட்டோடு சாப்பிடுங்கள்.

மதியம் அல்ஃபாமா. 1755 பூகம்பத்தில் பெரிதும் தப்பிய பழைய பேட்டை. புகழ்பெற்ற 28ஆம் எண் டிராமில் நெரிசலும் பிக்பாக்கெட்டும் அதிகம்; நடப்பதே மேல். தெருவெல்லாம் வழுக்கும் கல், அதுவும் சரிவில். கணவரின் லெதர் ஷூ ஓட்டலிலேயே இருக்கட்டும்.

மாலையில் கைஸ் டோ சோட்ரே படகுத்துறையில் படகேறி ஆற்றின் அக்கரையிலுள்ள கசில்யாஸ் போங்கள். பத்து நிமிடப் பயணம். அங்கிருந்து பார்த்தால் மொத்த லிஸ்பனும் ஆற்றோரம் வரிசையாகத் தெரியும். அல்ஃபாமாவுக்கு மேலே குன்றில் இருக்கும் கோட்டையா? அதைத்தான் விடச் சொன்னேன்.