ஆகஸ்டில் கிராபி: முழங்கால் வலியுள்ள தாயாருடன் செல்லலாமா?

வணக்கம். ஆகஸ்டில், முழங்கால் வலியுள்ள தாயாருடன் தாய்லாந்தின் கிராபியில் தங்கி, மாயா விரிகுடாவையும் ரைலே கடற்கரையையும் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். பவளப்பாறைகள் மீள்வதற்காக ஆண்டுதோறும் ஆகஸ்டு, செப்டம்பரில் மாயா விரிகுடாவை மூடிவிடுகிறார்கள். ஆகவே அதை விட்டுவிடுங்கள். ரைலே தீவன்று, எனினும் சுண்ணாம்புக் குன்றுகள் வழிமறிப்பதால் கிராபியின் ஆவ் நாங் கடற்கரையிலிருந்து படகில்தான் செல்ல வேண்டும். கால் மணி நேரப் பயணம்தான், ஆனால் பெரும்பாலும் முழங்காலளவு நீரில் நடந்து, ஆடும் படகில் ஏணியைப் பிடித்து ஏற வேண்டியிருக்கும், தென்மேற்குப் பருவக்காற்றில் அலையும் சேர்ந்துகொள்ளும். அம்மாவுக்கு இது வேண்டாம் என்பதே என் கருத்து. பயணச்சீட்டு இன்னும் எடுக்கவில்லையென்றால், தாய்லாந்து வளைகுடாவிலுள்ள கோ சாமுய் தீவுக்குச் செல்லுங்கள். அங்கே பெருமழை அக்டோபரில்தான் தொடங்கும், தீவிலேயே விமான நிலையமும் இருக்கிறது.