உப்புக்காற்றில் நின்ற டிரெய்லர்: ஆயில் ஊற்றினால் பிரேக் பிடிக்குமா?

“காசிமேட்டில் ஐஸ் பெட்டியும் வலையும் ஏற்றி இழுத்த இரண்டு சக்கர டிரெய்லர். நாலு வருடமாக வீட்டோரம் நிற்கிறது. ஜீப் பிரேக் அடித்ததும் கொக்கித் தலை உள்ளே தள்ளி, ஹைட்ராலிக் பிரேக் பிடிக்கிற வகை. டப்பாவில் ஆயில் வற்றிவிட்டது. புது ஆயில் ஊற்றி, குழாய்க்குள் சிக்கிய ஏர் எடுத்தால் போதுமா?” – திருவொற்றியூர் வாசகர்

போதாது. ஊற்றிய அன்றைக்கு ஒருவேளை பிடிக்கும். சிக்கலே அதுதான்.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் சிலிண்டருக்குள் துருவாகிறது. பிஸ்டன் நாலு வருடமாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்ததால் அதன் ரப்பர் கப் இருந்த இடம் மட்டும் தப்பித்திருக்கும். நீங்கள் ஏர் எடுக்கும்போது பிஸ்டன் முழு நீளத்துக்கும் ஓடும். துருவில் உரசிக் கப் கிழியும். நாலாவது நாள் டயரின் உள்பக்கம் ஆயில் வழிந்திருக்கும்.

அதனால் சக்கரத்திலிருந்து தொடங்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் கொடுத்து டிரம்மைக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள். பழைய லைனரில் (டிரம்மில் உரசிப் பிரேக் பிடிக்கும் பட்டை) கல்நார் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள். ஏர் எடுக்கத் திறக்கும் சின்னத் திருகான பிளீடர் நிப்பிள் துருப்பிடித்து உடைந்தால் ரொம்ப வருந்த வேண்டாம், அந்த சிலிண்டரைப் பெரும்பாலும் மாற்றத்தான் போகிறீர்கள். பிஸ்டனை எடுத்துவிட்டு உள்சுவரை விரல் நகத்தால் தடவுங்கள். வெறும் கறையென்றால் நைஸ் எமரி பேப்பர் போட்டுப் புது ரப்பர் கிட் மாட்டலாம். நகம் குழியில் மாட்டினால் முழு சிலிண்டரும் புதிது. கொக்கித் தலை தள்ளும்போது ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இதே சோதனைதான்.

கழுவ பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் கப்பைப் பெட்ரோலில் ஊறவைத்து மாட்டிக் கொடுத்தார்கள். ரப்பர் ஊதி, பிரேக் விடாமல் பிடித்து, டிரம் கையைச் சுடும் அளவுக்குக் காய்ந்தது. பிரேக் ஆயிலாலேயே கழுவுங்கள்.

ரப்பர் ஹோஸ் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். இரும்பு பைப்பைப் பொறுத்தவரை, கிளிப் பிடித்திருக்கும் இடத்தைச் சுரண்டிப் பாருங்கள். கடலோர வண்டியில் துரு அங்கேதான் ஒளிந்திருக்கும். ஏசி வேலைக்கு வாங்கும் செம்புக் குழாயை வளைத்துப் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம், அதிர்விலேயே வெடிப்பு விடும். வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டுக்குப் போனால் பிரேக் பைப்பாகவே கேட்டு வாங்குங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு லைனரை அட்ஜஸ்ட் செய்யுங்கள்: சக்கரம் நிற்கும்வரை இறுக்கி, உரசாமல் சுற்றும்வரை தளர்த்துங்கள். அப்புறம்தான் ஏர். மாஸ்டர் மூடியில் ஆயில் வகை டாட் 3 என்றிருந்தால் டாட் 3 அல்லது டாட் 4 ஊற்றலாம். சிலிக்கான் வகையான டாட் 5 கலக்கக் கூடாது. தூரத்துச் சக்கரத்தில் ஆரம்பியுங்கள். நிப்பிளில் மாட்டிய டியூபின் மறுமுனை ஆயில் பாட்டிலுக்குள் மூழ்கியிருக்கட்டும். ஒருவர் கொக்கித் தலையைக் கடப்பாரையால் நெம்பி உள்ளே தள்ள, இன்னொருவர் நிப்பிளைத் திறக்க வேண்டும். தலை வெளியே வருமுன் மூடிவிட வேண்டும். குமிழி நிற்கும்வரை இதேதான். இடையில் டப்பா காலியானால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

முதல் ஓட்டத்தை எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வைத்துக்கொள்ளாதீர்கள். காலி மைதானத்தில், வெறும் டிரெய்லருடன் பத்துப் பதினைந்து தடவை பிரேக் அடித்துப் பார்த்துவிட்டு, இறங்கி இரண்டு டிரம்மையும் கிட்டக் கை வைத்துப் பாருங்கள். ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்த பக்கத்தை மறுபடி கழற்றுங்கள்.