வைக்கோல் பிரித்த அன்று ராத்திரி ஏன் காய்ச்சல்? மாடு வளர்ப்போருக்கு நெஞ்சக மருத்துவரின் பதில்கள்

கேள்வி: தொழுவத்துக்குள் நுழைந்தாலே தும்மல், பத்து நிமிடத்தில் நெஞ்சு இறுகுகிறது. மூத்திர வாடைதான் காரணமா?

அந்த வாடை அம்மோனியா. கண்ணையும் மூக்கையும் எரிக்கும், இருக்கிற இளைப்பைக் கிளறியும் விடும். ஆனால் அது ஒவ்வாமை அல்ல. உள்ளே போனதும் வந்துவிடுகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது மாட்டின் தோலிலிருந்து உதிரும் பொடுகை. அடுத்தது, தவிட்டிலும் தானியத்திலும் வாழும் நுண்ணிய சிற்றுண்ணிகள். மாட்டைத் தேய்க்கும்போது அதிகமா, தீவனம் கொட்டும்போது அதிகமா என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். தோலில் செய்யும் ஒவ்வாமைப் பரிசோதனைக்கு அந்தக் குறிப்பு ரொம்ப உதவும்.

கேள்வி: எனக்கு அந்த நேரத்தில் ஒன்றும் ஆகாது. பழைய வைக்கோலைப் பிரித்தால் ராத்திரி குளிர் ஜுரம், வறட்டு இருமல், மூச்சு வாங்கல். மறுநாள் சரியாகிவிடும். மூன்று முறை நிமோனியா என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள்.

இதைத்தான் 'உழவர் நுரையீரல்' என்கிறோம். ஈரத்தோடு அடுக்கிய வைக்கோல் உள்ளுக்குள் சூடேறும். அந்தச் சூட்டில் ஆக்டினோமைசீட்ஸ் என்ற பாக்டீரியா பெருகும். அதன் வித்துகள் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை போய்விடுகின்றன. உடலின் எதிர்ப்பு கிளம்ப 4 முதல் 8 மணி நேரம் ஆகும். காலை வேலையையும் ராத்திரி ஜுரத்தையும் யாரும் முடிச்சுப் போடாததற்கு இந்த இடைவெளியே காரணம். டாக்டரிடம் "ஜுரம்" என்று மட்டும் சொல்லாமல், "வைக்கோல் பிரித்தேன்" என்பதையும் சொல்லுங்கள். தானாகச் சரியாகிறதே என்று விட்டால், ஆண்டுக்கணக்கில் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். அது திரும்பாது. சிடி ஸ்கேனும் மூச்சுத்திறன் பரிசோதனையும் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: கொட்டகையைச் சுத்தம் செய்த நாலு பேருக்கும் அன்றே ஜுரம். நாலு பேருக்குமா ஒவ்வாமை?

அப்படி இருக்காது. அளவுக்கு மீறித் தூசி போனால் யாருக்கும் இப்படி வரும். பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும். உங்களில் ஒருவருக்கு மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் அவரை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

கேள்வி: துண்டைக் கட்டிக்கொண்டால் போதாதா?

போதாது. அந்த வைக்கோல் பாக்டீரியாவின் வித்து சுமார் 1 மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), துணி இழைக்குள் தாராளமாகப் போகும். என்95 முகக்கவசம் போடுங்கள். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும். தாடியா கவசமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பால் குடிப்பதை நிறுத்தணுமா?

வேண்டாம். பொடுகில் ஒவ்வாமை தரும் முக்கியப் புரதம் வேறு, பாலில் இருப்பவை வேறு.

கேள்வி: இன்ஹேலர் எடுத்துக்கொண்டே தொழிலைத் தொடரலாமா?

ஆஸ்துமா என்றால், தூசியையும் குறைத்துக்கொண்டால், பலருக்கு முடிகிறது. உழவர் நுரையீரலுக்கு இன்ஹேலரை நம்பாதீர்கள். வைக்கோல் வேலையை வேறொருவரிடம் விடுங்கள், பால் கறப்பதைப் பிறகு பேசலாம். வைக்கோலை நன்றாகக் காயவைத்தே அடுக்குங்கள். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். பிரிக்கும் முன் லேசாகத் தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கும். அப்புறம், தெளித்ததை அன்றைக்கே மாட்டுக்குப் போட்டுவிடுங்கள். மிச்சத்தைத் திரும்ப அடுக்க வேண்டாம்.