1917 ரஷ்யப் புரட்சியில் பெண்கள் வெறும் துணைக்கு நின்றவர்களா?

இல்லவே இல்லை. அதைத் தொடங்கி வைத்ததே பெண்கள்தான்.

அப்போது உலகப் போர் மூன்றாவது ஆண்டில் இருந்தது. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, அன்றைய ரஷ்யத் தலைநகரான பெத்ரோகிராத் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) ஆலைகளில் பெண் தொழிலாளர்கள் பெருகியிருந்தார்கள். நாள் முழுக்க ஆலையில் உழைத்துவிட்டு, அப்புறம் கடும் குளிரில் ரொட்டிக்கு மணிக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டும். பல நாள் வெறுங்கையோடுதான் வீடு திரும்பினார்கள்.

மார்ச் 8, மகளிர் தினம். ரஷ்யாவின் பழைய நாட்காட்டிப்படி பிப்ரவரி 23. அன்று வேலைநிறுத்தம் வேண்டாம் என்றுதான் புரட்சிக் கட்சிக்காரர்கள் பலர் சொல்லியிருந்தார்கள். அந்த நகரின் வைபோர்க் பகுதி நெசவாலைப் பெண்கள் அதைக் கேட்கவில்லை. வேலையை நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். அதோடு விடவில்லை, பக்கத்து இயந்திர ஆலைகளுக்குப் போய், சன்னல்களில் பனிக்கட்டி உருண்டைகளை எறிந்து, உள்ளே இருந்த ஆண்களை வெளியே வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எனக்கு இந்தப் புரட்சியில் மிகவும் பிடித்த காட்சி இதுதான். பிறகு படைவீரர்களும் மக்கள் பக்கம் சாய, ஒரே வாரத்தில் ஜார் மன்னர் முடி துறந்தார்.

சரி, உரிமை உடனே கிடைத்ததா? அதுவும் இல்லை. புதிய இடைக்கால அரசு வாக்குரிமை விஷயத்தில் தயங்கியது. சில நாட்களிலேயே சுமார் 40,000 பெண்கள் மறுபடியும் ஊர்வலம் போனார்கள். ஜார் ஆட்சியில் 20 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்த புரட்சியாளர் வேரா ஃபிக்னரும் அதில் கலந்துகொண்டார். அந்த ஆண்டு கோடையில் பெண்களுக்கு வாக்குரிமை சட்டமானது. பிரிட்டன் தன் பெண்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் அதைக் கொடுத்ததே 1918-இல்தான்.